வாசகர் கேள்வி பதில்: பள்ளியில் வாயே திறக்காத பையன்

அக்கா, நான் பாண்டிச்சேரியிலிருந்து கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்தவள். பக்கத்து வீட்டில், இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகில் வந்து அகதி விண்ணப்பம் போட்டிருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய எட்டு வயதுப் பையன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான், பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லையாம். வெள்ளிக்கிழமை ஆனால் வயிற்றுவலி என்று அழுகிறான். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு பிரெஞ்சு மட்டும் பேசினால் சரியாகுமா என்று அவன் அம்மா கேட்கிறார். என்ன சொல்லட்டும்?
- வாசகி, சேன் ஆந்த்ரே

தமிழை நிறுத்தவே வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அம்மாவுக்கே வராத பிரெஞ்சில் அம்மா பேசினால் பையனுக்கு பிரெஞ்சும் வராது, அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுவதும் நின்றுபோகும். இப்போது அவனுக்கு இருக்கிற ஒரே நிம்மதி அந்தப் பேச்சுதான்.

மூன்று மாத மௌனத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். புது மொழிக்குள் வந்து விழுகிற பிள்ளைகள் நிறையப் பேர் முதலில் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள், சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். வீட்டில் ஓயாமல் பேசுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. வீட்டிலும் பேச்சு குறைந்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அவன் நிலையை யோசித்துப் பாருங்கள். வகுப்பில் டீச்சர் பேசுவது பிரெஞ்சு, மணி அடித்து வெளியே வந்தால் பிள்ளைகள் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். பக்கத்தில் உட்காருகிற பையன் நம்மவர் மாதிரியே இருக்கிறான், அவன் வீட்டிலும் முருகனைக் கும்பிடுகிறார்கள், காவடி எடுக்கிறார்கள், ஆனால் இவன் தமிழில் ஏதாவது கேட்டால் அவன் முழிக்கிறான். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம் அது, மொழி கைவிட்டுப் போய் தலைமுறைகள் ஆகிவிட்டன என்பது நமக்குத் தெரியும், எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தன்னை ஒதுக்குகிறான் என்றுதான் நினைப்பான். இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், நீங்களே சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டீர்களா? பிரெஞ்சுப் பள்ளிகளில் நீச்சலும் பாடத்திட்டத்தில் உண்டு. இலங்கையிலிருந்து இங்கே வர சுமார் 4,000 கிலோமீட்டர் கடல், அதை மீன்பிடிப் படகில் வாரக்கணக்கில் கடந்து வந்த பிள்ளையை வரிசையில் நிறுத்தி தண்ணீரில் குதி என்றால் வயிறு வலிக்கத்தான் செய்யும், அது பொய்வலி இல்லை. நீச்சல்தான் காரணம் என்றால் டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இது தோன்றியே இருக்காது. முதலில் குளக்கரையில் உட்காரட்டும், அப்புறம் காலை மட்டும் நனைக்கட்டும், அவனாக இறங்கும்வரை யாரும் தள்ளக் கூடாது. பள்ளி மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது.

இன்னொன்று. புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தனியாக பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இங்கே உண்டு, காஸ்நாவ் என்ற கல்வித் துறைப் பிரிவு அதைக் கவனிக்கிறது. இவனுக்கு அது கிடைக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள். கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல வருடம் முன்பே எழுதியிருக்கிறார்: விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தகத்து மொழி மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். அடுத்த வருடம் இவன் கிரியோலில் சரளமாகச் சண்டை போடுவான், எல்லோரும் சரியாகிவிட்டான் என்று உதவியை நிறுத்துவார்கள், அப்போதுதான் மார்க் இறங்கும். அந்தச் சமயத்தில் உங்களை மாதிரி ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

விசா, தங்கும் அனுமதிக் கார்டு எதுவும் இல்லாத பெற்றோரின் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார்களா?
- வாசகர், சேன் தெனி

சேர்க்கத்தான் வேண்டும். பிரான்ஸ் சட்டப்படி 3 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம், ரீயூனியனிலும் அதே சட்டம்தான். பெற்றோரின் கார்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆரம்பப் பள்ளி என்றால் மெரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்களுக்கு பிரெஞ்சு கதைக்கத் தெரியாது. பதின்மூன்று வயது மகள்தான் டாக்டரிடமும், அரச அலுவலகமான பிரிபெக்சரிலும் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறாள். அகதி விண்ணப்பங்களை முடிவுசெய்யும் ஒப்ராவிலிருந்து வந்த நிராகரிப்புக் கடிதத்தையும் அவள்தான் வாசித்துச் சொன்னவள். அன்று முதல் இரவில் நித்திரை கொள்கிறாள் இல்லை.
- ஒரு தாய்

தங்கச்சி, கடைக்கும் பஸ்ஸுக்கும் அவள் உதவட்டும், தப்பில்லை. ஆனால் வழக்கும் வைத்தியமும் இனி அவள் வாய் வழியாகப் போகக் கூடாது. அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்பதைத் தன் வாயால் அந்நியரிடம் சொல்வது, கடிதத்தைப் படிக்கும்போதே அம்மாவின் முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் அந்த வயது தாங்காது. தான் சரியாகச் சொல்லாததால்தான் நிராகரித்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இல்லை என்று இருவரும் சேர்ந்து அவளிடம் சொல்லுங்கள், ஒரு தடவை சொன்னால் போதாது.

ஒப்ரா நேர்காணலுக்கும் மேல்முறையீட்டு விசாரணைக்கும் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக வைப்பார்கள். இப்போது அவசரம் மேல்முறையீடு: கடிதத்தில் கெடு எழுதியிருக்கும், அரசு செலவில் வக்கீல் வேண்டுமென்றால் கடிதம் கையில் கிடைத்த 15 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தமிழும் பிரெஞ்சும் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கோயிலிலோ அகதிகளுக்கு உதவும் சங்கத்திலோ கேட்டு, அவரோடு போங்கள். அன்றைக்கு மகள் பள்ளிக்குப் போகட்டும்.