ஆபீஸ் முடிந்து வந்து நடித்தால் குறை சொல்லக் கூடாதா?

கேள்வி: எங்கள் மயூர் விஹார் பகுதித் தமிழர்கள் சேர்ந்து ஒரு குடும்ப நாடகம் போட்டார்கள். கதாநாயகன் வசனத்தை மறந்தார். மேடையோரத்து மறைவான விங்கிலிருந்து எடுத்துக்கொடுத்த குரல் எங்களுக்கே கேட்டது. கதாநாயகியின் தமிழில் இந்தி வாடை. அப்பாவாக நடித்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்த இடத்தில் மட்டும் அரங்கின் சலசலப்பு அடங்கியது. நாடக அரங்குகள் நிறைந்த மண்டி ஹவுஸ் பகுதியில் நாடகம் பார்த்துப் பழகிய எனக்கு இது நடிப்பாகவே தோன்றவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'நடிப்பு மகா மோசம்' என்று எழுதினேன். 'ஆபீஸ் முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்களை இப்படியா பேசுவது?' என்று எல்லோரும் பாய்கிறார்கள். உண்மையைச் சொன்னது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தில்லி

பதில்: உண்மையைச் சொல்வது தவறே இல்லை. நீங்கள் எழுதிய அந்த மூன்று சொற்கள் உண்மைதானா என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் உங்கள்மீது பாய்ந்தவர்களுக்கு. ஆபீஸ் போகிறவர் நடித்தால் கைதட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது தமிழ் நாடகத்தின் வழக்கமே அல்ல. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. அவருடன் மேடையேறிய பலரும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். நாடகமே தொழிலான கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த காலத்தில், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவர்கள் நடித்தார்கள். சலுகை கேட்கவில்லை. மேடையில் ஏறி நின்றவரைப் பொய்யாகப் புகழ்ந்து அனுப்புவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

இனி உங்களுக்கு. மண்டி ஹவுஸ் பக்கம் இருக்கும் தேசிய நாடகப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் முழுநேரமும் உடலையும் குரலையும் பழக்குகிறார்கள். அந்த அளவுகோலைக் கொண்டுவந்து அக்கம்பக்கத்து மேடையில் வைப்பது நியாயமில்லை. அதைவிட முக்கியம், நீங்கள் குறையென்று எடுத்துக்காட்டிய இரண்டுமே நடிப்பைப் பற்றியவை அல்ல.

வசனம் மறப்பது ஒத்திகையின் குறை. மறந்த அந்தக் கணத்தில் அவர் என்ன செய்தார்? பாத்திரமாகவே நின்று யோசித்தாரா, விங்கைப் பார்த்து விழித்தாரா? நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் அது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கதாநாயகியின் உச்சரிப்புக்கு வருகிறேன். தில்லி கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணாக வந்தாரென்றால் இந்தி வாடை அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தம். கும்பகோணத்துப் பெண்ணாக வந்தாரென்றால்தான் குறை. அதையும்விட நீங்கள் கவனித்திருக்க வேண்டியது, வாக்கியத்தை அவர் எப்படி முடித்தார் என்பதை. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. நம் மேடைகளில் பலர் முதல் சொல்லை ஓங்கிச் சொல்லிவிட்டு முடிவில் குரலை இறக்கிவிடுகிறார்கள். 'போகிறேன்' என்றாரா, 'போகமாட்டேன்' என்றாரா என்பது பின்வரிசைக்குக் கேட்பதில்லை. பேசும்போதெல்லாம் மைக்கை நோக்கி நடந்துவந்து, எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துப் பேசுவது இன்னொரு பழக்கம். நடிகரை விட, அதைத் தடுக்காத இயக்குநரைத்தான் கேட்க வேண்டும்.

அப்பாவாக நடித்தவரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வசனம் இல்லை, அழுகை இல்லை. ஒரு மனிதர் கடிதம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவரை பேசிக்கொண்டிருந்த அரங்கம் அவரைப் பார்க்கத் தொடங்குகிறது. இதற்குப் பெயர் நடிப்பு இல்லையென்றால் வேறு எதற்கு? பேசுகிறவர் எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறார். பேசாமல் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. பாத்திரத்தின் மனத்தில் அவர் உண்மையாகவே இருந்தால்தான் அது நம்மை எட்டும். நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பேசாத நடிகரைப் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். உங்கள் கண் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. பிடித்த பிறகும் 'மகா மோசம்' என்று எல்லோரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டீர்கள். அந்த மனிதரும் ஆபீஸ் முடிந்துதான் ஒத்திகைக்கு வந்திருப்பார்.

ஆகவே அதே குழுவில் இன்னொரு குறிப்பு எழுதுங்கள். அப்பாவாக நடித்தவரின் பெயரைச் சொல்லி, எந்தக் காட்சியில், எதனால் அரங்கம் அடங்கியது என்று எழுதுங்கள். கதாநாயகனிடம் தனியாகப் பேசுங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். மைக் விஷயம் இயக்குநருக்கு. மறுபடி மேடையேற்றினால் அவசியம் போய்ப் பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.