ரிவர்ஸ் எடுத்தால் கம்பம் சாய்கிறது, என்ன செய்வது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் படகுத் தொழில் செய்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கார் லைசென்ஸ் எடுக்க நினைக்கிறேன். முன்னால் நன்றாகவே ஓட்டுகிறேன். ரிவர்ஸில் மட்டும், பயிற்சிக்கு நட்ட ஏதாவது ஒரு கம்பத்தைத் தட்டிவிடுகிறேன். ‘ரிவர்ஸெல்லாம் பார்க்க மாட்டாங்க, தனியா கொஞ்சம் கொடுத்தா முடிச்சுத் தர்றேன்’ என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா? அந்த லைசென்ஸை வைத்து அண்ணனின் குட்டியானையை (சின்ன சரக்கு வண்டி) ஓட்ட முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. குறுகலான இடத்துக்குள் வண்டியைக் கட்டுப்பாட்டோடு பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. பார்க்க மாட்டார்கள் என்று சொல்பவர், ஆய்வாளர் பார்க்கிற அன்று போனை எடுக்க மாட்டார். தேர்வுக்கு அந்த விதிகளில் உள்ள கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய். அதையும் சேவைக் கட்டணத்தையும் ஆன்லைனில் கட்டினால் ரசீது வரும். ரசீது இல்லாமல் கை மாறுகிற பணத்துக்குக் கட்டணம் என்று பெயர் கிடையாது.

இனி கம்பம். படகில் சுக்கான் பின்னால் இருக்கிறது. படகு வலப்பக்கம் திரும்பினால் பின்புறம் இடப்பக்கம் வீசும், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கார் பின்னால் போகும்போது அதே கதைதான். திரும்புகிற முன்சக்கரம் போகிற திசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ, வண்டியின் வால் அந்தப் பக்கம் போகும். மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். முன்பக்கக் கம்பம் சாய்கிறது என்றால் பின்னாலேயே பார்த்துக்கொண்டு மூக்கை மறந்துவிட்டீர்கள். உள்பக்கக் கம்பத்தைப் பின்சக்கரம் ஏறுகிறது என்றால் சீக்கிரமே ஒடித்துவிட்டீர்கள்.

சில பயிற்சிப் பள்ளிகளில் ‘மூணாவது கம்பம் கண்ணாடியில தெரிஞ்சதும் ஒன்றரைச் சுத்து’ என்று மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த வண்டியில், அந்த உயரமுள்ள ஆள், அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் அது பலிக்கும். சீட்டை ஒரு பல் தள்ளிப் போட்டால் கணக்கு போயிற்று. இன்னொன்று, பள்ளி வண்டியில் சொல்லித் தருபவர் காலடியிலும் பெடல் உண்டு. நீங்கள் தடுமாறும்போதெல்லாம் அவர் மிதித்துக்கொண்டிருப்பார். ஓட்டியது நாம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் அவரைப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொல்லுங்கள்.

கடற்கரை மணலில் பழகாதீர்கள். டயர் புதையும், கிளட்ச் கருகும், கால் தப்பாகப் பழகும். இறுகிய தரை வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கட்டும். முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு இருக்கட்டும். வலை மிதவைகளைக் குச்சியில் செருகி, வண்டி அகலத்தோடு இருபுறமும் ஒரு முழம் விட்டு நட்டுக்கொள்ளுங்கள். முதலில் சீட்டையும் கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள். பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் பின்சக்கரத்தை ஒட்டிய தரை தெரியும். சமதரையில் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம், கிளட்ச்சை மெல்ல விட்டாலே வண்டி ஊரும். ஊர்வது நின்றபின் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், ஊரும்போதே ஒடியுங்கள். பின்கண்ணாடி, இடக்கண்ணாடி, வலக்கண்ணாடி, மூக்கு என்று பார்வை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குட்டியானை விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும். ஏனென்றால் ‘அதுக்குத் தனியா பேட்ஜ் போடணும்’ என்று இதிலும் ஒருவர் கை நீட்டுவார். 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது: இலகுரக வாகன லைசென்ஸ் (நீங்கள் காருக்கு எடுப்பது அதுதான்) உள்ளவர், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்டலாம், பேட்ஜ் என்கிற தனிப் பதிவு வேண்டாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், பாருங்கள். குட்டியானை அந்த எல்லைக்கு வெகு கீழே. ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றலாம். பெட்ரோல், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது. ஆனால் ஐஸ் பெட்டி ஏறியபின் பின்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. அதனால் இப்போதே பக்கக் கண்ணாடிகளை வைத்து மட்டும் பாதிப் பயிற்சியைச் செய்யுங்கள்.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் ஆனபிறகுதான் தேர்வு. தவறினால் 7 நாள் கழித்து மறுபடி. மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான். கடலுக்குப் போகிறவனுக்கு எப்போது கரையில் வேலை இருக்காது என்று இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு மாதமும் கூடுதல் தேர்வு நாள் வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். புரோக்கர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓ.டி.பி. முதல் தேர்வுத் தேதி வரை எல்லாம் அவருக்குத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் அவர் வாசலில் நிற்பீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.