ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு சோறு போடுமான்னு கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். பொண்ணு பிஏ இங்கிலீஷ் கடைசி வருஷம், ஸ்பானிஷ் நாவல்களை இங்கிலீஷ்ல கொண்டு வர்றதுதான் என் வேலைன்னு ஒத்தக்கால்ல நிக்குறா, ராத்திரி தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்க. நேராவே சொல்லிடறேன், இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி ஆரம்பத்துல வாடகை கட்ட முடியாது. அதுக்காக வேண்டாம்னு சொல்லிடாதீங்க சார், அது சாதாரண வேலை இல்ல.

கொலம்பியா எழுத்தாளர் மார்க்வெஸோட "தனிமையின் நூறு ஆண்டுகள்" நாவல் 1967ல ப்யூனஸ் அயர்ஸ்ல ஸ்பானிஷ்ல வந்துச்சு. இங்கிலீஷ்ல பண்ண கிரெகரி ரபாஸாதான் சரியான ஆளு, அவர் கை ஒழியுற வரைக்கும் பொறுத்திருங்கன்னு எழுத்தாளர் கொர்த்தஸார் சொல்ல, மார்க்வெஸும் காத்திருந்தார், 1970ல புத்தகம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த இங்கிலீஷ படிச்சுட்டு எத்தனையோ நாட்டு எழுத்தாளர்கள் கதை சொல்ற விதத்தையே மாத்திக்கிட்டாங்க, தமிழ்ல நாம படிச்ச மார்க்வெஸும் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியா வந்தவர்தான்.

ஆனா ஒண்ணு கவனிங்க, ரபாஸா காலேஜ் வாத்தியார், நியூயார்க் குயின்ஸ் காலேஜ்ல ரொம்ப வருஷம் பாடம் எடுத்தவர். ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்த ஈடித் கிராஸ்மனும் பாடம் நடத்திட்டு இருந்துட்டு பின்னாடிதான் முழுநேரமா இறங்கினாங்க, 2003ல வந்த அவங்க மொழிபெயர்ப்பு, செர்வான்டெஸ் எழுதின பழைய ஸ்பானிஷ் நாவல் "டான் கிஹோத்தே", அதோட அட்டையில அவங்க பேரும் இருக்கு. இப்போ மரியாதை கூடியிருக்கு, இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்த புத்தகத்துக்குக் கொடுக்குற இன்டர்நேஷனல் புக்கர் பரிசு 50,000 பவுண்ட 2016ல இருந்து எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியா பிரிச்சுக்குறாங்க.

அதனால பாப்பாவுக்கு கையில ஒரு வேலை, மனசுல ஒரு வேலைன்னு ரெண்டு வேணும். முதல்ல டெலேன்னு ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சி பரீட்சை, அதுல பி2 லெவல் முடிச்சுட்டு அடுத்த லெவல் சி1, டெல்லில ஸ்பானிஷ் சொல்லித்தர்ற செர்வான்டெஸ் இன்ஸ்டிடியூட் இருக்கு, எம்ஏ ஸ்பானிஷுக்கு டெல்லி ஜேஎன்யு, ஹைதராபாத்ல இருக்குற மொழிகளுக்கான யுனிவர்சிட்டி இஃப்ளு ரெண்டுக்கும் அப்ளை பண்ணச் சொல்லுங்க. 20 நாட்டுல ஸ்பானிஷ் ஆட்சி மொழி, அதனால ஸ்பானிஷ் கிளாஸ் எடுக்குறது, கம்பெனி டாக்குமென்ட் மொழிபெயர்க்குறது, சாஃப்ட்வேர்ல வர்ற வார்த்தைகளை அந்தந்த ஊர் மொழிக்கு மாத்துற லோக்கலைசேஷன்னு வேலை இருக்கு, அதுல சம்பளம் வரட்டும், சாயங்காலம் நாவல் பக்கம் உட்காரட்டும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது, ஸ்பானிஷ விட அவளோட இங்கிலீஷ்தான் முக்கியம். "தனிமையின் நூறு ஆண்டுகள்" நாவலோட முதல் வரியிலயே ஒரு பையனை அவன் அப்பா பனிக்கட்டி பார்க்க கூட்டிட்டுப் போறார், அங்க மார்க்வெஸ் போட்ட சொல் "கொனோசேர்". ஒருத்தரை முதல் தடவை சந்திச்சு அறிமுகம் ஆகுறதுக்கும் ஸ்பானிஷ்ல அதே சொல்தான். "பார்க்க"ன்னு போட்டா அந்த முதல் தடவைங்கிற சிலிர்ப்பு போயிடும், "தெரிஞ்சுக்க"ன்னு போட்டா பாடப்புத்தகம் மாதிரி ஆயிடும், ரபாஸா யோசிச்சு "டிஸ்கவர்"னு போட்டார். இந்த மாதிரி ஒரு சொல்லுக்காக அரைநாள் உட்கார பொறுமை இருக்கான்னு பாருங்க, மார்க் எல்லாம் அப்புறம்.

வர்ற சனிக்கிழமை பாப்பாவை கூட்டிட்டு வாங்க சார். அவளுக்குப் பிடிச்ச ஸ்பானிஷ் கதையில ரெண்டு பக்கம், அவளோட இங்கிலீஷ், எந்தெந்த சொல்லை எதுக்கு மாத்தினான்னு ஓரத்துல குறிப்பு, மூணும் கையோட எடுத்துட்டு வரட்டும்.