கலோரி விவரம் போடாத ஓட்டலில் சாப்பிட்டால் கணக்கு வைப்பது எப்படி?

துல்லியமாக முடியாது. அதனால் எண்ணெயையும் சோற்றையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பெரும்பாலும் சில்லறைதான். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கிட்ட வரும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130. வீட்டில் ஒருதடவை 200 கிராம் எடைபோட்டு இலையில் கொட்டிப் பாருங்கள், அப்புறம் மெஸ்ஸில் தள்ளும் குவியல் எவ்வளவு என்று கண்ணே சொல்லிவிடும். இட்லி ஆவியில் வெந்தது, சின்னது ஒன்றுக்கு 50 போட்டால் போதும். பரோட்டாதான் வில்லன்: பிசையும்போது எண்ணெய், உருண்டையை ஊறவைக்க எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் வேறு. ஒன்றுக்கு 300க்குக் குறைத்து எழுதாதீர்கள். சால்னா தனிக்கணக்கு, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை ஒதுக்கிவிட்டு ஊற்றச் சொன்னால் சர்வர் முறைப்பார், பரவாயில்லை, சொல்லுங்கள்.