விசேஷத்துக்குள் கை உதறுவதை நிறுத்தச் சொன்னால்?

கேள்வி: காரைக்குடியில் நடத்தைப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையனுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறேன். அடுத்த மாதம் அவன் ஐயாவுக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம். "ஊரே வரும், அதுக்குள்ள கை உதறுறதை நிப்பாட்டிருங்க" என்கிறார் அப்பத்தா. பெற்றோரும் ஆமோதிக்கிறார்கள். என்னையும் அழைத்து, கண்டாங்கிச் சேலை ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: ஃபீஸ் கொடுப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் முதல் பொறுப்பு அந்தப் பையனிடம்தான். கை உதறுவதால் அவனுக்கு அடிபடுகிறதா? சாப்பிட, படிக்க, விளையாடத் தடையாகிறதா? இல்லையென்றால் அதை நிறுத்தும் வேலையை எடுக்காதீர்கள். பார்ப்பவர்களின் சங்கடத்துக்காக ஒரு குழந்தையை அடக்கிப் பழக்குவதை என்னால் ஏற்க முடியாது. சத்தமும் கூட்டமும் தாங்காதபோது பல குழந்தைகள் அப்படித்தான் தங்களைச் சமாளித்துக்கொள்கிறார்கள், சந்தோஷத்திலும் உதறுவார்கள். காரணம் தெரியாமல் தடுத்தால், அதற்குப் பதிலாகத் தன் கையைக் கடிக்க ஆரம்பிக்கலாம். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எப்போது உதறினான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது.

அப்பத்தாவிடம் தொழில் விதிகளைப் பேசாதீர்கள். பேரனை நாலு பேர் பேசிவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. "உதறுறதை நிப்பாட்ட வேணாம் ஆச்சி, அன்னைக்கு அவன் அழாம இருக்க வழி பண்ணுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) மேளம் முழங்கும்போது அவன் ஒதுங்கிக்கொள்ள, அதை ஒட்டியிருக்கும் அவர்களுடைய இரட்டை வீட்டை, அதாவது உள்ளும் வெளியுமான இரண்டு அறைகளை, திறந்து வைக்கட்டும். "போதும்" என்று காட்ட ஓர் அட்டையை இப்போதே பழக்குங்கள். நாதஸ்வரத்தை ஃபோனில் மெதுவாக வைத்து, நாளாக நாளாகக் கூட்டலாம். காதைப் பொத்தினால் உடனே நிறுத்துங்கள். சம்மதப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் காதைப் பொத்துவதுதான் அவனுடைய மறுப்பு.

சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் துறையினருக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியத்தின் (BACB) நெறிமுறை 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பரிசின் மதிப்புக்கு 10 டாலர்தான் வரம்பு. 2023 முதல் அந்த வாரியம் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அந்தச் சான்றிதழ் உங்களிடம் இல்லாவிட்டாலும் நெறிமுறையைப் பின்பற்றுங்கள். சேலை வாங்கிய கையால் அடுத்த முறை "முடியாது" என்று சொல்வது கஷ்டம். என்றைக்காவது ஒரு காபி, இரண்டு பணியாரம் பரவாயில்லை.

அழைப்பு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. நீங்கள் பந்தியில் உட்கார்ந்தாலே "இவுக யாரு?" என்று கேட்பார்கள், பையனுக்குப் பயிற்சி நடப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பெற்றோர் கேட்டுக்கொண்டால் அவனுக்குத் துணையாக மட்டும் போங்கள். யாராவது விசாரித்தால் என்ன சொல்வது என்பதை அவர்களே முன்கூட்டி முடிவு செய்யட்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் கை உதறுவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரிடம் கலந்து பேசுங்கள், ஆனால் உள்ளூர்க்காரர் வேண்டாம். பெயரை மறைத்தாலும், அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம் நடக்கும் வீடு என்றாலே காரைக்குடியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.