நங்கூரச் சங்கிலியில் கசப்பு எங்கே வந்தது?

கேள்வி: சரக்குக் கப்பல் ஒன்றின் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். நங்கூரம் பற்றிய பகுதியில் ‘பிட்டர் எண்ட்’ என்று அடிக்கடி வருகிறது. அகராதி தரும் ‘கசப்பான முடிவு’ பொருந்தவே இல்லை. சரியான பொருள் என்ன? அதை ‘அறைக்கு வெளியிலிருந்தே விடுவிக்க முடிய வேண்டும்’ என்று கையேடு வற்புறுத்துவது ஏன்?

பதில்: நங்கூரச் சங்கிலியின் ஒரு முனை நங்கூரத்தோடு கடலுக்குள் போகிறது. இன்னொரு முனை கப்பலுக்குள், சங்கிலி அறையில் பிணைபட்டுக் கிடக்கிறது. அந்த இரண்டாவது முனைதான் பிட்டர் எண்ட். ‘சங்கிலியின் உள்முனை’ என்று எழுதுங்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். தளத்தில் வேலை செய்பவர் வாயில் வருவது அதுதான்.

பாய்மரக் காலத்தில் சங்கிலிக்குப் பதில் தடித்த வடம். முன்தளத்தில் நட்ட ‘பிட்’ என்ற கனத்த தூண்களில் அதைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பெயர் ‘பிட்டர்’. கப்பலுக்குள் தங்கும் வடத்தின் பகுதி ‘பிட்டர் எண்ட்’. 1627இல் கேப்டன் ஜான் ஸ்மித் வெளியிட்ட கடல்சொல் நூலிலேயே இந்த விளக்கம் உண்டு. கடைசிவரை விடாமல் போராடுவதைக் குறிக்கும் ஆங்கில வழக்கு இதிலிருந்து கிளைத்ததா என்பதில் சொல்லாய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. உங்கள் கையேட்டுக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நங்கூரம் பாறையில் சிக்கி, புயலும் நெருங்கினால், சங்கிலியை முழுவதுமாகக் கடலில் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சங்கிலி அறைக்குள் ஆள் இறங்கக் கூடாது. ஓடும் சங்கிலி ஆளை நசுக்கிவிடும். துருப்பிடிக்கும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், மூடிக்கிடந்த அறையில் மூச்சும் திணறும். அதனால்தான் உள்முனையைப் பிடித்திருக்கும் ஆணியை அறைச் சுவருக்கு வெளியே வைக்கிறார்கள். பூட்டுக்கட்டையை எடுத்துவிட்டுச் சம்மட்டியால் தட்டினால் ஆணி கழன்றுவிட வேண்டும். பல கப்பல்களில் அது கழலாது. காரணம் அற்பமானது: ஒவ்வொரு பராமரிப்பின்போதும் ஆணியின் மேலேயே பெயின்ட் அடித்து அடித்து இறுகியிருக்கும். அங்கே வேண்டியது பெயின்ட் அல்ல, கிரீஸ்.

இந்தப் பிணைப்பு சங்கிலியளவு வலுவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஏசிஎஸ் விதிப்படி, சங்கிலியின் அறுபடு விசையில் 15 சதவீதத்துக்குக் குறையாமலும் 30 சதவீதத்துக்கு மேற்படாமலும் அது தாங்க வேண்டும். மேல் வரம்புக்குக் காரணம் உண்டு: சங்கிலியை இறக்கி ஏற்றும் இயந்திரத்தின் பிரேக் தோற்றுச் சங்கிலி தறிகெட்டு ஓடினால், கப்பலின் உடல் கிழிவதைவிடப் பிணைப்பு அறுவதே மேல். எனவே இழுவையை ஏற்க வேண்டியது பிரேக்கும், தளத்தில் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் தடுப்பானும்தான், உள்முனை அல்ல. சங்கிலி தீப்பொறி பறக்க ஓடும்போது பிரேக்கை நோக்கி ஓடக் கூடாது, விலகி ஓட வேண்டும். கடைசி வளையம் சாட்டைபோல் வீசிக்கொண்டு வெளியே வரும்.

சங்கிலி நீளத்தை ‘ஷேக்கிள்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஷேக்கிள் 15 பாகம் (ஃபேதம், ஆறடி அளவு), அதாவது 90 அடி, ஏறத்தாழ 27.5 மீட்டர். கையேட்டில் ‘ஐந்து ஷேக்கிள் விடு’ என்றிருந்தால் அது இந்த நீளக் கணக்கு. ஐந்து கொக்கி என்று எழுதிவிடாதீர்கள். அதே பகுதியில் வரும் ‘ஸ்லிப்’ என்பதும் ‘நழுவுதல்’ அல்ல, வேண்டுமென்றே விடுவித்தல். விடுவிக்கும் முன் சங்கிலியில் மிதவை கட்டி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டால்தான் பிறகு மீட்கலாம்.

சிறு படகுகளுக்கும் இதே தத்துவம். உள்முனையை இரும்புக் கொக்கியால் நேரடியாகப் பூட்டினால், இழுவை ஏறியபின் திருகாணி அசையாது. நைலான் கயிற்றால் கட்டுங்கள். முழுச் சங்கிலியும் ஓடியபின் அந்தக் கயிறு தளத்துக்கு மேலே வந்து நிற்கும் நீளம் இருந்தால், ஒரு கத்தி போதும்.

கயிறு முடிச்சுப் பாடங்களில் மட்டும் எச்சரிக்கை: அங்கே சிலர் கயிற்றின் எந்த நுனியையும் ‘பிட்டர் எண்ட்’ என்பார்கள். படத்தைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.