டின் கடலைக்கு மாறலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறோம். இரவு ஏழு மணிக்கு மேல்தான் அடுப்பைப் பற்றவைக்க முடிகிறது. மளிகைக் கடையில் வாங்கும் கொண்டைக்கடலை சில சமயம் எத்தனை விசில் விட்டாலும் வேக மாட்டேன் என்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் வேகவைத்த கடலையும் ராஜ்மாவும் டின்னில் கிடைக்கின்றன. அதற்கே மாறிவிடலாமா?
— வாசகி, அவிநாசி

பதில்: மாற வேண்டாம் அம்மா. டின்னில் 'வடித்த எடை' என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தேடிப் பாருங்கள். 400 கிராம் டின்னில் கடலை சுமார் 240 கிராம்தான். மீதி பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உலர்ந்த கடலை 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். டின் விலையை 100 கிராம் கடலையின் விலையோடு வைத்துப் பாருங்கள், எரிவாயுச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

வேகாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பழைய சரக்கு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல்லாகவே நிற்கும். சரக்கு வேகமாகத் தீரும் கடையில் வாங்குங்கள். நிறம் மங்கி, தோல் சுருங்கி, வண்டு துளைத்த ஓட்டை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்கெட்டாக இருந்தால் அடைத்த மாதத்தைப் பாருங்கள்.

இன்னொன்று தண்ணீர். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பயறின் தோலை இறுக்கிவிடும். குடிக்க வைத்திருக்கும் ஆற்றுத் தண்ணீரிலேயே ஊறவையுங்கள், வேகவையுங்கள். ஊறும்போது கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இளகும். புளியும் தக்காளியும் கடலை வெந்த பிறகுதான்.

நேரம்தான் உங்களுக்குப் பெரிய கவலை என்று புரிகிறது. சனி இரவு அரைக் கிலோ ஊறவைத்து ஞாயிறன்று மொத்தமாக வேகவைத்து, வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வார நாளில் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும். தட்டைப்பயறுக்கு இந்த ஏற்பாடுகூடத் தேவையில்லை. வாசம் வர வறுத்து நேராகக் குக்கரில் போட்டால் வெந்துவிடும். கத்திரிக்காய் சேர்த்தால் அன்றைய குழம்பு முடிந்தது. கொள்ளும் மொச்சையும் நம் கடைகளில் டின்னில் வருவதே அரிது. வந்தாலும் கொள்ளு ரசத்துக்கு அதை வேகவைத்த தண்ணீர் அல்லவா வேண்டும்!

ராஜ்மாவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதித்து வேக வேண்டும். டின் ராஜ்மா ஏற்கெனவே முழுதாக வெந்தது, அந்தப் பயம் இல்லை.

அவசரத்துக்கு ஒரு டின் அலமாரியில் இருக்கட்டும். வடிகட்டி அலசினால் உப்பு கணிசமாகக் குறையும். திறந்த பின் மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பிய டின், கசியும் டின், விளிம்பில் நசுங்கிய டின் எதையும் தொடாதீர்கள். ருசி பார்ப்பதுகூட ஆபத்து. வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் பட்டால், திறக்காமல் ரசீதோடு கடையில் கொடுத்து மாற்றிக்கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.